நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் (விக்டோரியா)

நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இயங்கும் தன்னார்வத் தீயணைப்பு அமைப்பாகும். இது சி.எஃப்.ஏ. என்ற சுருக்கப்பெயரால் பரவலாக அறியப்படுகிறது. சுமார் 1,200 படைகள் இதன்கீழ் உள்ளன. உழவர், ஆசிரியர், வணிகர் எனப் பலதரப்பட்ட ஊர்மக்கள் ஊதியமின்றி இவற்றில் பணியாற்றுகின்றனர்.

வரலாறு

1890ஆம் ஆண்டுச் சட்டம் மெல்பேர்ண் நகருக்கு ஒன்றும் பிற ஊர்களுக்கு ஒன்றுமாக இரு தீயணைப்பு வாரியங்களை உருவாக்கியது. ஊர்களுக்கு வெளியே பண்ணை நிலங்களில் பற்றும் தீயை உழவர்களே ஈரச்சாக்கு, பச்சை மரக்கிளை, முதுகில் சுமக்கும் நீர்த்தெளிப்பான் ஆகியவற்றைக் கொண்டு அணைத்தனர். அரசுக் காடுகள் தனித்துறையின் பொறுப்பில் இருந்தன. இவற்றை ஒருங்கிணைக்கப் பொதுத் தலைமை இல்லை.

1939 சனவரி 13 அன்று உச்சமடைந்த 'கருப்பு வெள்ளி' காட்டுத்தீயில் 71 பேர் உயிரிழந்தனர். இதனை ஆராய்ந்த நீதிபதி லியோனார்டு ஸ்ட்ரெட்டன், பெரும்பாலான தீக்கு மனிதர்களே காரணம் எனக் கண்டறிந்தார். ஒருங்கிணைந்த தீயணைப்பு அமைப்பு தேவை எனவும் பரிந்துரைத்தார். ஆயினும் அது உடனே நிறைவேறவில்லை. 1943 டிசம்பரில் வாங்கரட்டா அருகே 10 தன்னார்வலர் தீக்கு இரையாயினர். 1944 பெப்ரவரியில் யலோர்ன் நிலக்கரிச் சுரங்கத்திலும் தீ பரவியது. ஸ்ட்ரெட்டன் மீண்டும் விசாரணை நடத்தினார். அதன் விளைவாகச் சட்டம் இயற்றப்பட்டு, 1945 ஏப்ரல் 2 முதல் ஆணையம் செயற்படத் தொடங்கியது.

காற்றுத் திசைமாற்றமும் உயிரிழப்புகளும்

விக்டோரியாவில் கோடையில் வெப்பமான வடகாற்று தீயை நீண்டு ஒடுங்கிய வடிவில் தெற்கே செலுத்துகிறது. பின்னர் திடீரெனத் தென்மேற்குக் காற்று வீசும்போது, தீயின் நீண்ட கிழக்குப் பக்கம் முழுவதும் அகன்ற தீமுனையாக மாறிவிடுகிறது. அப்பக்கத்தில் பணியாற்றுவோர் சிக்கிக்கொள்கின்றனர்.

1983 பெப்ரவரி 16 அன்று, 'சாம்பல் புதன்' தீயின்போது, அப்பர் பீக்கன்சுபீல்டில் 12 தன்னார்வலர் இவ்வாறே இறந்தனர். 1998 டிசம்பர் 2 அன்று லிண்டனில் மேலும் ஐவர் இறந்தனர். இதன்பின் களப்பணிக்கு முன் அடிப்படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. வண்டியில் உள்ள நீர் முழுவதையும் தீயணைக்கச் செலவிடாமல், குழுவினரின் தற்காப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கும் நடைமுறையும் வலுப்படுத்தப்பட்டது. 2009 பெப்ரவரி 7 'கருப்புச் சனி' தீயில் 173 பேர் மாண்டனர். அதன்பின் எச்சரிக்கை முறைகளும், வீட்டில் தங்குவதா வெளியேறுவதா என்பது குறித்த அறிவுரைகளும் மாற்றியமைக்கப்பட்டன.

அமைப்பு

ஒவ்வொரு படையின் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். தீ அபாயம் மிகுந்த நாள்களில் திறந்தவெளியில் தீ மூட்டுவதற்கு முழுத்தடை விதிக்கப்படுகிறது.

புறநகர்கள் வளர்ந்தபோது சில நிலையங்களில் ஊதியம் பெறும் வீரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து பணியாற்றினர். ஊதியம் பெறுவோருக்கான பணி ஒப்பந்தம் தன்னார்வலரின் உரிமையைக் குறைக்கும் என்ற அச்சம் எழுந்தது. இப்பிணக்கில் 2016இல் ஆணையத்தின் நிர்வாகக் குழுவை மாநில அரசு நீக்கியது. 2020 சூலை 1 அன்று ஊதியம் பெறும் வீரர்களும் 38 நிலையங்களும், விக்டோரியா தீயணைப்பு மீட்பு என்ற புதிய அமைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அன்று முதல் ஆணையம் மீண்டும் தன்னார்வலர்களை அடிப்படையாகக் கொண்ட அமைப்பாக இயங்கிவருகிறது.