பத்து வெள்ளித் தவணை

மாலை ஷிப்டு மாறுகிற வேளையில் கெடா மாநிலத்துக் கூலிம் ஹைடெக் பூங்காவின் சாலையோரம் நிற்பவருக்கு, பெரிய பெரிய தொழிற்சாலைக் கட்டடங்களும், சீருடையணிந்த தொழிலாளரை ஏற்றி இறக்கும் பஸ்களின் நெடும் வரிசையுமே கண்ணில் படும். 1996-இல் பூங்கா திறக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கூலிம், லூனாஸ், பாடாங் சிராய் வட்டாரத்துக்கு வேறொரு நேரக்கணக்கு இருந்ததென்பது நினைவில் எழாது. ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். கிராணி பேர் கூப்பிடுவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்கள், உள்மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சன்னமாகச் சீவிக்கொண்டே மரத்துக்கு மரம் நகர்வார்கள். வெயில் ஏறுமுன் மங்குகளில் பால் நிறைந்திருக்க வேண்டும். இந்த ஜனங்களுக்கு நிலம் என்பது உழைக்குமிடமேயன்றி உடைமையன்று. அதை உடைமையாக்கித் தரலாமென்று ஒருவர் நினைத்தார். அந்த நினைப்பு முதன்முதலாக மண்ணில் இறங்கியது இந்தக் கூலிம் வட்டாரத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்திலேதான்.

அவர் துன் வீ. தி. சம்பந்தன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16-ஆம் தேதி பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, ரப்பர் நிலங்களுக்குச் சொந்தக்காரராக உயர்ந்த வீராசாமி அவர்களின் புதல்வர். அண்ணாமலைச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்தார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி, தபால் என்று பல இலாகாக்களை மந்திரியாக வகித்தார். இவையெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் கிடைக்கும் சங்கதிகள். தோட்டத்து ஜனங்கள் அவரை நினைப்பது இவற்றுக்காக அன்று.

தேசம் சுதந்திரம் அடைந்த காலத்தை ஒட்டி, எதிர்காலம் எப்படியிருக்குமோ என்று அஞ்சிய ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களைக் கைமாற்றத் தொடங்கின. மொத்தமாக வாங்கிய தரகர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு, ஒரே தோட்டத்தைப் பலருக்கு விற்று, வாங்கிய விலையைக் காட்டிலும் நல்ல லாபம் கண்டார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். பேராசிரியர் உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை விசாரித்து விரிவான அறிக்கையே எழுதினார். பத்து ஏக்கரோ இருபது ஏக்கரோ வாங்கிய சிறு சொந்தக்காரர், லயம் கட்டித் தரவோ பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் நடத்தவோ கடமைப்பட்டவர் அல்லர்; தம் வீட்டாரை வைத்தே பால் வெட்டிக்கொள்வார். தோட்டத்தில் வேலை போனால் அன்றைக்கே வீடும் போயிற்றென்பதைப் பட்டணவாசி எளிதில் உணரமாட்டார். மாரியம்மன் கோவிலும் தமிழ்ப் பள்ளியும் சுடுகாடும் யாரோ ஒருவருடைய பத்திரத்துக்குள் அடங்கிப்போகும்.

சட்டம் போட்டுத் தடுக்கும்படி அரசாங்கத்தை வேண்டுவது ஒரு வழி; விற்கிற நிலத்தைப் பால் வெட்டுகிறவனே வாங்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழியைப் பலரும் நகைத்தார்கள். நகைக்கக் காரணமும் இருந்தது. பால்வெட்டுத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது மூன்று வெள்ளியை ஒட்டியே இருந்தது. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்து, பங்கொன்றுக்கு நூறு வெள்ளி என்று வைத்து, அதையும் பத்து பத்து வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம் என்றார். பத்து வெள்ளி என்றால் மூன்று நாள் உழைப்பு. தோட்டம் தோட்டமாகச் சென்று, சம்பளத்தை எதிர்பார்த்து நின்ற ஜனங்களிடம் அவர் பேசியது அரசியலைக் காட்டிலும் கணக்கையே. என் அபிப்பிராயத்தில் அவருடைய பொதுவாழ்வின் சாரம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உபகாரம் வேண்டிக் கைநீட்டிப் பழகியவனை, ரசீது வாங்கக் கைநீட்ட வைத்தார்.

கெடாத் தோட்டங்களுக்குக் கூடி நிற்பது புதிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த கையோடு, பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்ததும், 1947-இல் போலீஸாருடன் மோதி ஒடுக்கப்பட்டதும் அங்கிருந்த பெரியவர்கள் அறியாததல்ல. அப்போது கைக்கு வந்தது தடி. பதினான்கு ஆண்டு கழித்து வந்தது பத்திரம்.

1961-இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் புக்கிட் சிடிம். பின்னர் வேறு மாநிலங்களிலும் தோட்டங்கள் சேர்ந்தன. அங்கத்தினர் தொகை பல்லாயிரமாய்ப் பெருகிற்று. ஆனால் இதனால் துண்டாடல் நின்றுவிட்டதென்று சொல்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. சங்கத்தின் கைக்கு வந்தது விலைபோன நிலத்தில் ஒரு பகுதியே. பங்குக்காரரான பிறகும் பால்வெட்டுக்காரர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குத்தான் போனார். முதலாளி பால்வாளியைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து போகிறார் என்று லயத்துத் திண்ணையில் கேலி பேச இடமிருந்தது. இருந்தாலும் அந்தக் கேலியில் ஒரு பெருமிதமும் கலந்திருக்கும். துரையின் தோட்டத்தில் அப்படிக் கேலி பேச ஒருவருக்கும் தோன்றியிராது.

சம்பந்தன் 1979 மே 18-ஆம் தேதி காலமானார். தந்தையார் விட்டுச்சென்ற ரப்பர் நிலத்தில் பெரும்பகுதி, பொதுவாழ்வின் செலவுகளுக்காக அவர் காலத்திலேயே கைவிட்டுப் போயிருந்தது. பிறர் வாழும் தோட்டம் துண்டாகாதிருக்கப் பிரயத்தனப்பட்டவரின் சொந்தத் தோட்டம் துண்டு துண்டாக விலைபோயிற்று. கோலாலம்பூரில் அவர் பெயரால் ஒரு வீதி இருக்கிறது.

கூலிம் பக்கத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் தொழிற்சாலைக்கு வழிவிட்டது. பழைய லயத்துக் குடும்பங்களில் பெரியவர்களின் தகரப் பெட்டியைத் திறந்தால் பிறப்புப் பத்திரம் இருக்கும், பிரஜா உரிமை கிடைக்குமுன் வைத்திருந்த சிவப்பு அடையாளக் கார்டு இருக்கும். அவற்றின் நடுவில், மடித்த மடிப்பிலேயே கிழியத் தொடங்கிய ஒரு பத்து வெள்ளி ரசீதும் சில பெட்டிகளில் இருக்கும்.