கொடுத்த அடியும் எடுத்த பொருளும்

வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் வழக்கத்தை நாம் அறிவோம். இறுதி அடி கைக்கு வந்துவிட்டால், தளை தட்டாமல் மேலே மூன்று அடிகளைக் கட்டி எழுப்புவதே புலவரின் வேலை. உருது மொழியிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. 'முசாயிரா' என்னும் கவியரங்கத்துக்கு முன்பே ஓரடியை அறிவித்துவிடுவர். அதன் சந்தத்திலும் இயைபிலும் ஒவ்வொருவரும் கசல் புனைந்து வரவேண்டும். பொருள் என்னவென்று கேட்பாரில்லை. மதுக்கிண்ணம், மெழுகுவத்தி, மனமிரங்காத காதலி எனப் பொருள்தான் எப்போதும் ஆயத்தமாக இருந்ததே! மீரும் காலிபும் அக்கூண்டுக்குள் இருந்துகொண்டே வானை அளந்தவர்கள், மறுப்பாரில்லை. ஆனால் எல்லாரும் காலிப் ஆகிவிடுவதில்லையே!

1874-இல் லாகூரில் இவ்வழக்கம் தலைகீழாக்கப்பட்டது. 1865-இல் தோன்றிய பஞ்சாப் சங்கத்தின் அரங்கில், முகமது உசேன் ஆசாத் முன்னின்று நடத்திய முசாயிராக்களில், அடிக்குப் பதிலாகத் தலைப்புக் கொடுத்தார்கள். முதலில் மழை. பின்னர்க் குளிர்காலம், நம்பிக்கை, நாட்டுப்பற்று, அமைதி, நீதி. ஓசையை உன் விருப்பப்படி வைத்துக்கொள். சொல்வதற்கு உன்னிடம் ஏதேனும் உண்டா என்று புலவரைக் கேட்டது அவ்வரங்கம்.

அரங்கின் பின்னே நின்றது யார்? பஞ்சாபின் கல்வித்துறைத் தலைவராக இருந்த ஆங்கிலேயர், கர்னல் ஆல்ராய்டு. ஆசாத்தின் தந்தை மௌல்வி முகமது பாகர், தில்லியில் உருது இதழ் நடத்தியவர். 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் அவரைக் கொன்றனர். வீடிழந்து அலைந்த மகனுக்கு லாகூரில் பிழைப்புத் தந்ததும் அதே ஆங்கில ஆட்சியே. அவ்வாட்சியின் ஆதரவில் 'நீதி' என்று தலைப்புக் கொடுத்துக் கவியரங்கம்! அந்த நெஞ்சில் என்ன புயல் வீசியிருக்கும்?

இது வெறும் அடிமைத் தொண்டு என்று தள்ளிவிடலாமா? நாம் தள்ள மாட்டோம். ஆள்வோர் தந்த தலைப்பு என்பதற்காகப் பாட்டும் ஆள்வோருக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதில்லை. சான்று வேண்டுமா? பானிப்பட்டில் பிறந்த அல்தாப் உசேன் ஹாலியைப் பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட நூல்களின் உருது நடையைத் திருத்தித் தரும் அரசுப் பணியில் லாகூரில் இருந்தவர் அவர். நாட்டுப்பற்று என்னும் தலைப்பில் பாட வந்தவர், மண்ணையும் ஆற்றையும் போற்றியதோடு அமையவில்லை. சமய வேறுபாடு பாராமல் உடன்வாழும் மக்களை நேசிப்பதே பற்று என்று பாடினார். ஆங்கில அதிகாரி அதையா எதிர்பார்த்திருப்பார்?

பழமைவாதிகள் சும்மா இருப்பார்களா? இதழ்களில் ஆசாத்தை வசைபாடினர். ஓராண்டளவில் அரங்குகள் நின்றன.

ஹாலி நிற்கவில்லை. 1880-களில், எவரும் தலைப்புக் கொடாமலே, கைம்பெண்ணின் முறையீடாக ஒரு நெடும்பாட்டு எழுதினார். அறியாப் பருவத்தில் மணம் முடிக்கப்பட்டு, வாழ்வு இன்னதென்று அறியுமுன்னே வாழ்விழந்த பெண் அதில் பேசுகிறாள். கடவுளை நோக்கித்தான் முறையிடுகிறாள். அது நமக்கு உடன்பாடன்று. ஆனால் அவள் அடுக்கும் கொடுமைகள் அனைத்தும் மனிதன் செய்தவை. மதுவும் மெழுகுவத்தியும் அப்பாட்டில் இல்லை. பாரசீகப் பகட்டுச் சொற்களை விலக்கி, வீட்டுப் பெண்கள் பேசும் எளிய மொழியிலேயே ஹாலி அவளைப் பேசவிட்டார்.