தறி நிறைந்த அறை

1943 நவம்பரில் வங்காளப் பஞ்சத்தின் நடுவே மிட்னாப்பூர் மாவட்டத்தைச் சுற்றிவந்த ஓவியர் சித்தப்ரசாத் பட்டாச்சார்யா, பட்டினியில் நலிந்த குடும்பங்களை மையால் வரைந்தார். அவை 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறுநூலாயின. சோறு போடாத ஆங்கில அரசு, நூலின் பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. பின்னாளில் அவர் பெரிதும் நம்பியது லினோகட் முறையை. லினோலியத்தில் வெள்ளையாக வேண்டிய இடத்தை உளியால் அகற்றி, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளில் ஒற்றுவது அது. செலவு குறைவு, பிரதிகள் பல.

கறுப்பு வெள்ளையில் துயரம் பேசும் இந்த வெளிப்பாட்டியப் பாணியின் முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945). கணவர் கார்ல், பெர்லின் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர். வைத்தியத்துக்கு வந்த பெண்களின் முகங்களே கேத்தேயின் படங்களில் இடம்பெற்றன. 1844 சிலேசிய நெசவாளர் கிளர்ச்சியைக் கொண்டு எழுந்த 'நெசவாளர்கள்' (1893–97) ஆறு படங்களின் தொகுதி. முதல் படத்திலேயே கிளர்ச்சியின் காரணம் தெரிந்துவிடுகிறது: அறையை அடைத்து நிற்கும் தறி, நோயில் கிடக்கும் பிள்ளை, தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் தாய். சத்திரப்பட்டி போன்ற நெசவு ஊர்களில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. 1898இல் இதற்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைக்கப்பட்டது. கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்தார். இன்று அந்த மறுப்பு அவருக்குத்தான் இழுக்கு.

1914 அக்டோபரில் இளைய மகன் பீட்டர் பெல்ஜியப் போர்முனையில் மாண்டான், வயது 18. 1920இல் சிற்பி பார்லாஹின் மரச்செதுக்குகளைக் கண்ட கேத்தே, தாமும் மரத்தில் செதுக்கத் தொடங்கினார். 1923இல் வெளியான 'போர்' தொகுதியின் ஏழு படங்களிலும் போர்க்களம் கிடையாது. 'பெற்றோர்' படத்தில் மண்டியிட்ட தம்பதி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கறுப்புத் திரளாகிவிடுகிறார்கள். 'தாய்மார்கள்' படத்தில் பெண்கள் பிள்ளைகளை நடுவில் ஒளித்து அரண்போல் நிற்கிறார்கள்.

சீன எழுத்தாளர் லூ சுன் 1931இல் 'போர்' தொகுதியின் 'பலி' என்ற படத்தைச் சீன இதழொன்றில் அச்சிட்டார். 1936இல் கேத்தேயின் படங்களைத் தொகுத்து நூலாக்கினார். இதனால் வளர்ந்த சீன மரச்செதுக்குகள் இந்திய இடதுசாரி ஓவியர்களையும் எட்டின.

சித்தப்ரசாத் 1950களின் தொடக்கத்தில் உழைக்கும் சிறுவர்களையும் வீடற்ற குழந்தைகளையும் லினோவில் வெட்டினார். அத்தொகுதியை 1969இல் டென்மார்க் யுனிசெஃப் குழு நூலாக்கியது. அவரிடம் பயின்ற சோம்நாத் ஹோர் 1970களில் 'காயங்கள்' தொகுதியைக் காகிதக் கூழில் வார்த்தார். அதில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, மையும் இல்லை. வெள்ளைத் தாளில் கீறல்களும் குழிகளும் மட்டுமே உள்ளன.