கழுத்துக்குள் ஒரு கீல் – 6: மீண்டும் திறந்த கழுத்து

சென்ற வாரம் ஒரு நோயாளியை அறுவை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம். இடம், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் ஃப்ரென்சே மருத்துவமனை. அறுவை மருத்துவர் பிரையன் கம்மின்ஸ் குழுவினர் அவர் கழுத்தில் பொருத்திய எஃகு மூட்டு தளர்ந்துவிட்டது. கழற்றியாக வேண்டும்.

முன்கதை அறிந்தவர்களுக்கு இங்கே பகீரென்றிருக்கும். ஸ்வீடனின் ஃபெர்ன்ஸ்டிரோம் முதுகில் வைத்த எஃகுக் குண்டுகள் நினைவிருக்கிறதா? காலப்போக்கில் அவை எலும்புக்குள் புதைந்துபோயின. இந்த மூட்டுக்கும் அதே கதிதானா?

கத்தி கழுத்தைத் தொடும் முன், கம்மின்ஸ் ஏன் இந்த வம்பில் இறங்கினார் என்று பார்த்துவிடுவோம்.

1950-களில் பால்டிமோரில் ஸ்மித், ராபின்சன் இருவரும், ஹவாயில் கிளவார்டும் ஒரு வழி கண்டார்கள். கழுத்தின் முன்பக்கமாக நுழைந்து, நரம்பை அழுத்தும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் வெட்டிய துண்டை அங்கே வைப்பது. மேலும் கீழும் உள்ள எலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பலருக்கு வலி போனது. அந்த இடத்தின் அசைவும் போனது. ஒரு கீல் துருப்பிடித்து இறுகினால் மற்ற கீல்கள்தானே கதவைச் சுமக்க வேண்டும்? சிலருக்கு, ஒட்டிய எலும்புகளுக்கு அடுத்திருந்த டிஸ்க்கும் தேய்ந்தது.

‘ஒட்டாமல் அசைய விட்டால் என்ன?’ இதுதான் கம்மின்ஸின் கேள்வி. 1989-இல் வேலை தொடங்கியது. மூட்டு எந்தப் பெரிய தொழிற்சாலையிலும் பிறக்கவில்லை. மருத்துவமனையின் சொந்தப் பட்டறையில்தான் உருவானது. துருப்பிடிக்காத எஃகில் ஒரு குமிழ், அது உட்கார ஒரு கிண்ணம். ஒன்று மேல் எலும்பிலும் மற்றது கீழ் எலும்பிலும் திருகாணியால் இறுக்கப்பட்டன. 20 பேருக்கு 22 மூட்டுகள்.

சோதனைகளும் வரிசைகட்டி வந்தன. திருகாணி உடைந்தது, சில இடங்களில் பின்வாங்கி வெளியே வந்தது. முன்னால் துருத்திய உலோகம் உணவுக்குழாயில் உறுத்த, விழுங்குவதே சிரமமானது. இருவருக்குப் பொருத்தியது அளவுக்கு மீறிப் பெரிது. மூட்டு அசையவே இல்லை. கடைசியாக, இதோ இந்தத் தளர்ந்த மூட்டு.

கழுத்து திறந்தது.

மூட்டு புதைந்திருக்கவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. முன்புறம் வழவழப்பான தழும்புத் திசு மூடியிருந்தது. உலோகம் உரசித் தேய்ந்த துகளும் இல்லை. பின் குற்றம் எங்கே? குமிழும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று சீராகப் பொருந்தவில்லை. தயாரிப்பில் நேர்ந்த பிழை! யோசனையில் பழுதில்லை.

1998-இல் கம்மின்ஸ் குழு, குறைகளை மறைக்காமல் முடிவுகளை வெளியிட்டது: பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். மூட்டு திருத்தப்பட்டது, ‘பிரெஸ்டீஜ்’ என்ற பெயரோடு அமெரிக்கா போனது. 20 பேரின் அனுபவம் அங்கே செல்லுபடியாகவில்லை. பழைய ஒட்டு முறையோடு நேருக்கு நேர் மோதச் சொன்னார்கள், ஒப்புதல் தரும் அதிகாரிகள். மொத்தம் 541 நோயாளிகள். 276 பேருக்கு அசையும் மூட்டு, 265 பேருக்கு எலும்பு ஒட்டு.

அரை நூற்றாண்டு அரியணையில் இருந்த ஒட்டு முறையைப் பட்டறையில் பிறந்த மூட்டு அசைத்ததா? தீர்ப்பு வந்தது 2007 ஜூலையில்.

(அடுத்த வாரம்: 541 பேரின் கழுத்து)