கோட்டையும் குடக்கூலியும்

வடபழனியில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறவருக்குச் சரித்திரம் படிக்க அவகாசம் இராது. ஆயினும் அவருடைய கஷ்டத்துக்கும் கடற்கரையிலுள்ள ஜார்ஜ் கோட்டைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சென்னையே கோட்டையையும் சிப்பாய்களையும் சுற்றி வளர்ந்த பட்டணம் அல்லவா?

1640-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டை வேலையைத் தொடங்கினார்கள். கோட்டை மட்டும் இருந்தால் போதுமா? துணி நெய்யவும் சுமை தூக்கவும் சமைக்கவும் துவைக்கவும் ஆள் வேண்டும். வரிச் சலுகை காட்டி நெசவாளர்களை அழைத்தார்கள். ஜனங்கள் வந்தார்கள். வடக்கு மதிலை ஒட்டிக் கறுப்பர் பட்டணம் எழுந்தது. வெள்ளையருக்கு மதிலுக்குள்ளே இடம். மற்றவர்களுக்கு வெளியே, அவரவர் சாமர்த்தியம்!

1746-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். பாதுகாப்புக்காக மதிலோரத்து வீடுகளில் பலவற்றை இடித்துத் தள்ளினார்கள். 1749-ல் கோட்டை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. வீடுகள் திரும்பி வரவில்லை. பகைவன் மறைந்து வர வசதியாயிருக்கும் என்று சொல்லி, மிச்சமிருந்ததை அடுத்த பத்தாண்டுக்குள் ஆங்கிலேயரே தரைமட்டமாக்கினார்கள். சென்னக் கேசவப் பெருமாளும் தப்பவில்லை. ஜாகையை மாற்றிக்கொண்டு பூக்கடைப் பக்கம் போனார். பீரங்கிக்கு எதிரே மறைவு கூடாது என்பதற்காக விட்ட திடலுக்கு 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரி முனையில் இன்னும் நிற்கிறது. அந்தப் பழைய பட்டணம் இருந்த மண்ணில்தான் 1892 முதல் ஹைகோர்ட்டுக் கட்டடம் இருக்கிறது. வீடிழந்தவர்கள் வழக்குப் போட, ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது போலும்!

யுத்தம் ஊரைக் காலி செய்யும். பிறகு இரண்டு மடங்காக நிரப்பும். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற பயத்தில் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுடன் ஓடினார்கள். பயம் தெளிந்ததும் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். 1941-ல் 7,77,481 ஆக இருந்த ஜனத்தொகை 1951-ல் 14,16,056 ஆயிற்று. நகரின் எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் எல்லைக் கோட்டை நகர்த்தினால் கணக்கு மாறுமே தவிர, படுக்க இடம் கிடைத்துவிடுமா? குடக்கூலி ஏறிற்று. 1946-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

நகரம் மேற்கே நகர்ந்தது. தோப்பும் வயலுமாயிருந்த வடபழனிப் பக்கத்துக்கு 1948-ல் ஏவி.எம். ஸ்டூடியோ வந்தது. 1961-ல் வீட்டு வசதி வாரியம் பிறந்தது. அசோக் நகர், கே.கே. நகர் என்று அக்கம்பக்கத்தில் மனைகள் பிரிந்தன.

அதே 1961-ல் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் அமைந்தது. ஏற்கெனவே பட்டாளம் தங்கிய ஊர் அது. தொழிற்சாலைக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். ஆனால் அவர்களுக்குத் தேநீர் ஆற்றுகிறவருக்கும் தலை சிரைக்கிறவருக்கும் துணி தைக்கிறவருக்கும் வீடு யார் கட்டுவது? மறுபடியும் மதிலுக்கு வெளியே, அவரவர் சாமர்த்தியம்! 2011-ல் ஆவடியின் ஜனத்தொகை மூன்றரை லட்சத்தை நெருங்கியது. 2019-ல் அது மாநகராட்சியாயிற்று.

ஒரு சிப்பாயை ஓர் ஊருக்கு அனுப்பும்போது, அவனோடு பத்துக் குடும்பங்களையும் சேர்த்தே அனுப்புகிறோம். சிப்பாய்க்கு எத்தனை சதுர அடி என்பது சர்க்கார் காகிதத்தில் எழுதியிருக்கும். அந்தப் பத்துக் குடும்பங்களுக்கும் அதே காகிதத்தில் ஒரு வரி ஒதுக்கினால், ஏரிக்கரையில் குடிசை முளைத்தது என்று பின்னால் கோபித்துக்கொள்ள வேண்டியிராது.