வாட்ஸ்அப் குரூப்பில் தொடங்கும் கேலி... பள்ளிகள் கண்டுபிடிப்பது எப்படி? உடனே செய்ய வேண்டியது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள பகுதிகளில் பெற்றோர் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகம். அந்த நேரத்தில் பிள்ளை கையில் இருப்பது செல்போன். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன், பள்ளி திறந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தால், ஆசிரியர் இல்லாத இன்னொரு குரூப்பும் இருக்கும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எது சைபர் புல்லியிங்?

நண்பர்களுக்குள் நடக்கும் எல்லா கிண்டலும் இதில் சேராது. ஒருவரைக் குறிவைத்து, அவர் வேதனைப்படுவது தெரிந்தும், திரும்பத் திரும்ப செய்வதுதான் சைபர் புல்லியிங். போட்டோவை மார்ஃபிங் செய்வது, போலி இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்குவது, சாதி, நிறம், உடல்வாகு, மொழியை வைத்து மீம் போடுவது, எல்லோரும் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவது எல்லாம் இதில் அடங்கும். "ஒரு தடவைதான் சார் போட்டேன்" என்று மாணவர் சொல்லலாம். ஆனால் அதை மற்றவர்கள் ஃபார்வர்டு செய்துகொண்டே இருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு அது ஒரு தடவையோடு முடிவதில்லை.

இந்தப் பகுதியில் இன்னொரு சவாலும் உண்டு. ஆந்திர எல்லை என்பதால் தெலுங்கு பேசும் பிள்ளைகளும், வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். ஆசிரியருக்குப் புரியாத மொழியில் கேலி இருந்தால், அர்த்தத்தை சக மாணவரிடம் கேட்க வேண்டாம். அந்த மொழி தெரிந்த பெரியவரிடம் கேட்பதே நல்லது.

என்னென்ன அறிகுறிகள்?

* போனில் மெசேஜ் சத்தம் கேட்டாலே பதறுவது, யாராவது வந்தால் திரையை மறைப்பது
* காரணமில்லாமல் அடிக்கடி லீவு போடுவது, மதிப்பெண் திடீரென குறைவது
* மதிய உணவின்போது தனியாக உட்காருவது
* வகுப்பில் ஒருவர் எழுந்து பேசினால் மற்றவர்கள் போனையோ ஒருவரை ஒருவரோ பார்த்துச் சிரிப்பது

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. இரண்டு, மூன்று சேர்ந்து தெரிந்தால் தனியாக அழைத்துப் பேச வேண்டும்.

தாமதம் ஏன் ஆபத்து?

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில், 21 வயது பட்டதாரிப் பெண்ணின் மார்ஃபிங் படம் ஃபேஸ்புக்கில் வெளியானது. குடும்பத்தினர் புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானது. மீண்டும் படம் வெளியானதும் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். காவல்துறை மன்னிப்புக் கேட்டது, ஒருவர் கைதும் செய்யப்பட்டார். ஆனால் உயிர் போன பிறகு! பள்ளிகளும் "பார்க்கலாம்" என்று நாளைத் தள்ளக்கூடாது.

முதல் நாளே பள்ளி செய்ய வேண்டியது என்ன?

1. "நீ ஏன் போட்டோ அனுப்பின?" என்று ஆரம்பிக்கக் கூடாது. சொல்ல வந்த பிள்ளையை முதலில் பேச விட வேண்டும்.
2. மெசேஜ், கணக்கின் பெயர், லிங்க், தேதி, நேரம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லலாம். கோபத்தில் சாட்டை அழிக்க வேண்டாம்.
3. ஆனால் அது 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படம் என்றால், "ஆதாரம்" என்று ஆசிரியர் குரூப்பில் கூட பகிரக்கூடாது. உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும்.
4. இரு தரப்புப் பெற்றோரையும் தனித்தனியாக அழைக்க வேண்டும். ஷிஃப்ட் நேரம் பார்த்து அழைத்தால்தான் வர முடியும்.
5. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கு அது இரண்டாவது அவமானம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதியின்றி அந்தரங்கப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. குழந்தைகளின் ஆபாசப் படங்களுக்கு 67பி பிரிவும் போக்சோ சட்டமும் பாயும். போக்சோ குற்றம் தெரிந்தும் தகவல் சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை உண்டு. "பள்ளி பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைக்க சட்டத்தில் இடமில்லை.

இதில் திருவள்ளூருக்கும் தொடர்பு உண்டு. திருவள்ளூர் மகிளா நீதிமன்றத்தில் இருந்த ஒரு வழக்கில்தான், குழந்தைகளின் ஆபாசப் படத்தை அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவும் தள்ளுபடியானது.

தவறு செய்த மாணவரை என்ன செய்வது?

டிசி கொடுத்து அனுப்பினால் போலி கணக்கு மூடப்படாது. படத்தை நீக்க வைப்பது, பெற்றோர் முன்னிலையில் பேசுவது, கவுன்சிலிங், தொடர் கண்காணிப்பு என்று போவதே பலன் தரும். கடுமையான குற்றமானாலும் 18 வயதுக்கு உட்பட்டவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்புதான் நிறுத்தப்படுவார்.

யார் செய்தது என்பதையும் உறுதி செய்ய வேண்டும். 2020 மே மாதம் டெல்லியை உலுக்கிய 'பாய்ஸ் லாக்கர் ரூம்' விவகாரத்தில், அந்தக் குரூப்போடு சேர்த்துப் பரவிய ஒரு சாட், உண்மையில் ஒரு சிறுமி ஆண் பெயரில் போலி கணக்கு தொடங்கி அனுப்பியது என்று போலீசார் தெரிவித்தனர். ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் பெயரை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது.

யாரிடம் சொல்லலாம்?

* சைபர் குற்ற உதவி எண்: 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வரை அலைய வேண்டியதில்லை.
* குழந்தைகள் உதவி எண்: 1098
* பள்ளிக் கல்வித்துறை உதவி எண்: 14417
* மனநல ஆலோசனை: 14416
* 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உள்ளது. இதில் படத்தைப் பதிவேற்றவே தேவையில்லை.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி உண்டு. அதைத் திறந்து படிப்பதும், எழுதியவரின் பெயரை வெளியே விடாமல் இருப்பதும் முக்கியம். ஒரு தடவை பெயர் கசிந்தால் அடுத்த பிள்ளை எழுதாது.