பெயர் கேளாத உணவகம்

பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்த ஊரில், பெற்றோர் கூட்டமொன்றில் தாய்ப்பாலின் சிறப்பை விரித்துரைத்தேன். கைக்குழந்தையோடு வந்திருந்த களையெடுக்கும் பெண்ணொருத்தி எழுந்து, "நான் வயிறாரச் சாப்பிட்டால்தானே ஐயா, பால் ஊறும்?" என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அவ்வினா பாரிஸ் நகரில் முன்னரே எழுந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அங்கே கெட்ட பசும்பாலும் தூய்மையற்ற புட்டியும் ஏழைக் குழந்தைகள் பலரை வயிற்றுப்போக்கால் மாய்த்தன. 1892-இல் பியேர் புதேன் என்னும் மகப்பேற்று மருத்துவர், தம் மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாரை வாரந்தோறும் திரும்பி வரச் செய்தார். குழந்தையை நிறுத்துப் பார்ப்பார். தாய்ப்பாலையே ஊட்டத் தூண்டுவார். அது போதாதவர்க்குக் கிருமி நீக்கிய பால் தருவார். மளிகைக் கடைத் தராசையே அறிந்த நமக்கு இது வியப்புத்தான்.

ஆயினும் தாயின் பசியைத் தராசு தீர்க்குமா? 1904-இல் கூலே தம்பதியர் அந்நகரில் பாலூட்டும் தாய்மார்க்கென இலவச உணவகம் தொடங்கினர். பெயர் என்ன, மணமானவளா, எச்சமயத்தவள் என்று எவரும் வினவவில்லை. பாலூட்டுகிறவள் என்று தெரிந்தால் போதும், உணவு கிடைக்கும். ஏழையின் ஒழுக்கத்தை விசாரித்த பிறகே ரொட்டியை நீட்டிய அறநிலையங்கள் மலிந்திருந்த காலம் அது!

நம் நாட்டில் 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், பாலூட்டும் தாய்க்கும் சத்துணவு உண்டு. அப்பெண் கேட்ட நாளில் நான் அதை அறிந்திருக்கவில்லை. கூட்டம் நடந்த கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அங்கன்வாடி இருந்தது.